ஹமாமட்சுவில் குடியேறுகிறவர்களுக்கு: முதல் ஆண்டின் காகிதங்கள், செலவுகள், கெடுக்கள்

டோக்கியோவுக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்ல ஆள் நிறைய உண்டு. ஷிசுவோகா மாநிலத்தின் மேற்கில், எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழும் ஹமாமட்சு மாதிரியான நடுத்தர ஊருக்கு வருகிறவர்களுக்கு அப்படி இல்லை. சுசுகி, யமஹா, கவாய் மூன்றுக்கும் இதுதான் தலைமையகம். அதனால் நம் ஊர்களிலிருந்து இஞ்சினியர்களும் அவர்கள் குடும்பங்களும் இங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் அரசு அலுவலகத்திலோ வீட்டுத் தரகரிடமோ ஆங்கிலத்தில் காரியம் முடியும் என்று நம்பி வரவேண்டாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஒரு காகிதம் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். முகவரி இல்லாமல் போன் இல்லை, போன் நம்பர் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை. வரிசை தவறினால் ஒரு மாதம் வீணாகும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. கிளம்பும் முன்: பெயரைச் சரிசெய்யுங்கள்

தமிழர்களுக்கு இங்கே வரும் முதல் தலைவலி பெயர்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியல் மட்டும் இருக்கும். ஜப்பானியப் படிவம் ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரண்டு கட்டங்கள். ஆன்லைன் படிவங்கள் காலிக் கட்டத்தை ஏற்காது. நேரம் இருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் சேர்த்துப் புது பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். விசாவுக்கு முன் ஜப்பான் குடிவரவுத் துறை தரும் தகுதிச் சான்றிதழ் பழைய பாஸ்போர்ட்டின் பெயரில் வந்த பிறகு மாற்றினால் இன்னும் சிக்கல். அந்தச் சான்றிதழ் 3 மாதம்தான் செல்லும்.

அடுத்தது கதகனா, வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து. 'கார்த்திக் முருகேசன்' என்ற பெயரைக் கதகனாவில் நாலைந்து விதமாக எழுதலாம்: 'கா'வுக்கு நீட்டல் கோடு போடலாம், போடாமல் விடலாம், 'கே' என்றும் எழுதலாம், 'கெ' என்றும் எழுதலாம். வங்கியின் கம்ப்யூட்டருக்கு இவை தனித்தனி ஆட்கள். சம்பளப் பிரிவில் ஒரு மாதிரியும் வங்கியில் வேறு மாதிரியும் இருந்தால் சம்பளம் போன வழியே திரும்பிவிடும். ஒரே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி, வார்டு ஆபீஸ், வங்கி, போன், காப்பீடு எல்லாவற்றிலும் அதையே காட்டுங்கள்.

கையோடு எடுத்துவர வேண்டியவை:

- திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் அசல், ஜப்பானிய மொழிபெயர்ப்போடு. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம். செய்தவரின் பெயரும் தேதியும் அடியில் இருக்கவேண்டும்.
- டிரைவிங் லைசென்ஸ், லைசென்ஸ் முதன்முதல் கொடுத்த தேதியைக் காட்டும் ஆர்டிஓ சான்று, பழைய பாஸ்போர்ட்டுகள். எதற்கு என்பது 9ஆம் படியில்.
- பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை.
- வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, டாக்டர் சீட்டோடு. சீட்டு மருந்து ஒரு மாத அளவுக்கு மேல் என்றால் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச்சீட்டு வாங்கவேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தையும் சூடோஎபிட்ரின் கலந்த சளி மாத்திரையையும் விட்டுவிட்டு வாருங்கள். அளவு கூடினால் சட்டப்படி தடை.
- ஒரு குடும்பத்துக்குக் கையிருப்பு 6 லட்சம் யென்னாவது. பல கம்பெனிகளில் சம்பளம் 25ஆம் தேதி வரும். மாத நடுவில் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம்.

கறி, சிக்கன் ஊறுகாய், கருவாட்டோடு கலந்த இறைச்சிப் பொட்டலம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இறைச்சிப் பொருள் எந்த வடிவிலும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் தாவரச் சோதனையில் பறிபோகும். காயவைத்த மசாலாப் பொடிகளுக்குத் தடையில்லை.

2. விமான நிலையத்தில்

ஸைரியூ கார்டு எனப்படும் குடியிருப்பு அட்டையை நரிட்டா, ஹனேடா, சூபு, கன்சாய், நியூ சிதோசே, ஹிரோஷிமா, ஃபுகுவோகா ஆகிய ஏழு விமான நிலையங்களில் மட்டுமே கையில் தருவார்கள். ஹமாமட்சுவுக்கு வசதி நகோயாவின் சூபு விமான நிலையம். ஷிசுவோகா விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே இறங்கினால், முகவரி பதிந்த பிறகு அட்டை தபாலில்தான் வரும். அதுவரை மற்ற வேலைகள் நகர்வது கஷ்டம்.

அட்டையை வாங்கியதும் கவுன்டரை விட்டு நகராமல் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். 16 வயது நிரம்பியவர்கள் அதை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும். வைத்திருக்காவிட்டால் 2,00,000 யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

ரயிலில் வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஷின்கான்சென் எனப்படும் அதிவேக வண்டிகளில் நொசோமி ஹமாமட்சுவில் நிற்காது. கொதாமாவும் சில ஹிகாரிகளும்தான் நிற்கும். டோக்கியோவிலிருந்து சாதாரண ரயிலில் வந்தால் சுயிகா என்ற ரயில் கட்டண அட்டையைத் தட்டி ஏறாதீர்கள். டோக்கியோ பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் இடையிலான எல்லையை அந்த அட்டையால் தாண்ட முடியாது. இறங்கும் கேட் திறக்காது. காகித டிக்கெட்டே எடுங்கள்.

3. முதல் 14 நாள்: வார்டு ஆபீஸ்

குடியேறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் முகவரியைப் பதியவேண்டும். 90 நாள் தாண்டினால் விசாவையே ரத்துசெய்ய வழி இருக்கிறது. குடும்பத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, திருமண, பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு ஆகியவற்றோடு போங்கள். மொழிபெயர்ப்பு இல்லாமல் போனால் உறவுமுறை சரியாகப் பதிவாகாது. பிறகு காப்பீடு, குழந்தைப் படி (பிள்ளைகளுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை) என்று எல்லா இடத்திலும் அது இடிக்கும்.

ஹமாமட்சுவுக்கே உரிய ஒரு குழப்பம் இங்கே உண்டு. 2024 ஜனவரி 1 முதல் ஏழு வார்டுகளை மூன்றாகச் சுருக்கிவிட்டார்கள்: சூவோ, ஹமானா, தென்ரியூ. பழைய வீட்டு விளம்பரத்திலும் இணையப் பக்கத்திலும் இன்னும் நாகா, ஹிகாஷி, நிஷி, மினாமி என்று பார்ப்பீர்கள். அந்த முகவரியை அப்படியே படிவத்தில் எழுதிவிடாதீர்கள். பழைய வார்டு அலுவலகங்கள் சில இப்போது நிர்வாக மையம் என்ற பெயரில் நடக்கின்றன. முகவரிப் பதிவை அங்கேயே முடிக்கலாம். சூவோ வார்டு அலுவலகத்தின் கூட்டத்தைவிட அங்கே காத்திருப்பு குறைவு.

பதிவு முடிந்தால் குடியிருப்பு அட்டையின் பின்பக்கத்தில் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். அதே நாளில், அதே கட்டடத்தில் இவற்றையும் முடித்துவிடுங்கள்:

- ஜூமின்ஹ்யோ எனப்படும் குடியிருப்புப் பதிவு நகல், 2 பிரதி. நாட்டுரிமை, விசா வகை எல்லாம் அச்சாகும்படி கேளுங்கள். ஒரு நகலுக்குச் சில நூறு யென்.
- கம்பெனி காப்பீடு இல்லாதவர்கள் தேசிய மருத்துவக் காப்பீடு, தேசிய ஓய்வூதியம்.
- பிள்ளைகள் இருந்தால் குழந்தைப் படி, குழந்தை மருத்துவ உதவி, பள்ளிச் சேர்க்கை.
- மை நம்பர், அதாவது ஒவ்வொருவருக்கும் அரசு தரும் அடையாள எண், அதன் அட்டைக்கு விண்ணப்பம்.

12 இலக்க மை நம்பர் இரண்டு மூன்று வாரத்தில் பதிவுத் தபாலில் வரும். வீட்டு அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவையுங்கள். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். மை நம்பர் அட்டை தயாராக ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும், கட்டணம் இல்லை. 2024 டிசம்பர் 2 முதல் புது மருத்துவக் காப்பீட்டு அட்டை அச்சிடுவதை நிறுத்திவிட்டார்கள். மை நம்பர் அட்டையே காப்பீட்டு அட்டை. அது வரும்வரை ஒரு தகுதி உறுதிச்சீட்டு தருவார்கள், தொலைத்துவிடாதீர்கள்.

ஜப்பானிய மொழி தெரியாமல் அலுவலகம் போகத் தயக்கமாக இருந்தால், முதலில் கிரியேட் ஹமாமட்சு கட்டடத்தில் உள்ள பன்முகப் பண்பாட்டு மையத்துக்குப் போங்கள். வெளிநாட்டவருக்கு இலவச ஆலோசனை தருவதே அவர்கள் வேலை. யூதோ பகுதியில் யு-டாக் என்ற கற்றல் மையத்தில் ஜப்பானிய மொழி வகுப்பும் நடக்கிறது.

4. போன், பிறகு வங்கி

சுற்றுலாப் பயணிகளுக்கான டேட்டா சிம் எதற்கும் உதவாது. குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் உள்ள, 070, 080 அல்லது 090 என்று தொடங்கும் நம்பர் வேண்டும். முகவரி அச்சான குடியிருப்பு அட்டையோடு கடைக்குப் போங்கள். மலிவு நிறுவனங்கள் பல ஜப்பானிய கிரெடிட் கார்டு கேட்கும். முதலில் ஊர் கார்டை ஏற்கும் நிறுவனத்தில் எடுத்து, ஆறு மாதம் கழித்து நம்பரை மாற்றாமல் மலிவு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

வங்கியில் முதலில் கேட்பது எங்கே வேலை, எப்போது வந்தீர்கள் என்றுதான். ஜப்பானில் வேலையில் இருப்பவருக்கு உடனே சாதாரணக் கணக்கு திறக்கலாம். கம்பெனி அடையாள அட்டையோ வேலைச் சான்றோ கொண்டுபோங்கள். மாணவர்களுக்கு ஆறு மாதம் முடியும்வரை கட்டுப்பாடுகள் உண்டு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப மை நம்பர் கட்டாயம்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று. விசா நீட்டித்ததும் புது அட்டையின் தேதியை வங்கிக்குத் தெரிவிக்காவிட்டால் கணக்கை முடக்குவார்கள். சம்பளம் உள்ளே வரும், வெளியே எடுக்க முடியாது. புது அட்டை கைக்கு வந்த அன்றே வங்கிக்குச் சொல்லுங்கள்.

5. வீடு

வாடகையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். உள்ளே நுழையும்போது கட்டும் மொத்தத்தைப் பாருங்கள். மாத வாடகை 55,000, பொதுச் செலவு 3,000 யென் என்ற வீட்டுக்கு மாதிரிக் கணக்கு இதோ:

- ஷிகிகின், அதாவது முன்பணம், ஒரு மாதம்: 55,000
- ரெய்கின், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத அன்பளிப்பு, ஒரு மாதம்: 55,000
- தரகு, ஒரு மாதமும் வரியும்: 60,500
- உத்தரவாத நிறுவனம், நீங்கள் வாடகை கட்டாவிட்டால் பொறுப்பேற்பது, பாதி மாதம்: 29,000
- தீக் காப்பீடு, 2 ஆண்டு: 18,000
- பூட்டு மாற்றம்: 18,000
- முதல் மாத வாடகையும் பொதுச் செலவும்: 58,000

மொத்தம் 2,93,500 யென். மாத நடுவில் குடியேறினால் மீதி நாட்களின் வாடகை இதற்கு மேல். ரெய்கின் இல்லாத வீடுகள் நடுத்தர ஊர்களில் நிறையவே உண்டு, வாய்விட்டுக் கேளுங்கள். தரகு அரை மாதம் வாங்கும் கடைகளும் இருக்கின்றன. கிருமிநீக்கக் கட்டணம், 24 மணி நேர உதவிக் கட்டணம் என்று பட்டியலில் நுழைந்திருந்தால், அது கட்டாயமா என்று கேளுங்கள். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

வெளிநாட்டவருக்கு வீடு தரமாட்டேன் என்று சொல்லும் உரிமையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்காக ஓடி ஓடி வீடு பார்ப்பதைவிட, கம்பெனிப் பெயரில் ஒப்பந்தம் போடமுடியுமா என்று மனிதவளப் பிரிவில் முதல் நாளே கேட்பது நல்லது.

ஒப்பந்தத்தில் மூன்று வரியைத் தேடிப் படியுங்கள்: ஓராண்டுக்குள் காலிசெய்தால் அபராதம் உண்டா, காலிசெய்ய எத்தனை நாள் முன்னே சொல்லவேண்டும், இரண்டாண்டு முடிவில் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு.

இடத்தைப் பொறுத்தவரை, மாநகராட்சியின் பேரிடர் வரைபடத்தில் முகவரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஜப்பானின் தெற்குக் கடலடியில் உள்ள நங்காய் பள்ளப் பகுதியில் வரக்கூடிய பெரு நிலநடுக்கத்தின் பாதையில் இந்த ஊர் இருக்கிறது. கடற்கரையில் 17.5 கிலோமீட்டருக்குத் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள், உண்மைதான். என்றாலும் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சமவெளியில் வாடகை ஏன் குறைவு என்று வரைபடம் பார்த்தால் புரிந்துவிடும். 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி வாங்கிக் கட்டிய கட்டடமா என்றும் கேளுங்கள். நிலநடுக்க விதி அப்போதுதான் கடுமையானது.

குடிவந்த முதல் நாள், பெட்டியைத் திறக்கும் முன், சுவர், தரை, குளியலறை, சமையல் மேடை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். முன்பணம் திரும்பி வருமா என்பதை இந்தப் படங்கள்தான் முடிவுசெய்யும். நம் சமையலுக்கு இன்னொரு முன்னெச்சரிக்கை: அடுப்பைச் சுற்றி அலுமினியத் தகடும் சுவரில் எண்ணெய் ஒட்டாத தாளும், தரையில் வினைல் விரிப்பும். 100 யென் கடையில் எல்லாம் சேர்த்து ஆயிரம் யென்னுக்குள் முடியும். வெள்ளை வினைல் தரையில் மஞ்சள் கறை படிந்தால் போகாது. தாளிக்கும்போதெல்லாம் காற்றுப்போக்கியை ஓடவிடுங்கள். சுவர்த்தாளில் ஏறிய வாசனைக்கும் காலிசெய்யும்போது பணம் பிடிப்பார்கள்.

6. கரண்ட், காஸ், மிக்ஸி

ஜப்பானிய வீட்டில் விளக்கு, திரைச்சீலை, அடுப்பு எதுவும் இருக்காது. பகலிலேயே குடியேறுங்கள்.

கரண்டையும் தண்ணீரையும் இணையத்தில் பதிந்தால் போதும். காஸ் மட்டும் ஆள் வந்து, நீங்கள் வீட்டில் இருக்கும்போது திறந்துவிடவேண்டும். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் ஊரே வீடு மாறும் காலம், அப்போது ஒரு வாரம் முன்னே நேரம் வாங்கவில்லையென்றால் வெந்நீர் இல்லாமல் சில நாள் ஓட்டவேண்டியிருக்கும்.

அடுப்பு வாங்கும் முன் வீட்டுக்கு வருவது குழாய் வழி நகரக் காஸா, சிலிண்டரில் வரும் புரொப்பேனா என்று பாருங்கள். இரண்டுக்கும் அடுப்பு வேறு. மாற்றி வைத்தால் தீப்பிடிக்கும், விஷவாயு வரும். வீடு தேடும்போதே இதைக் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம், ஏனென்றால் புரொப்பேன் கட்டணம் கணிசமாக அதிகம். குறைந்த வாடகையில் மிச்சம் பிடித்ததை அது விழுங்கிவிடும்.

மிக்ஸியைப் பற்றிக் கேட்காத குடும்பமே இல்லை, அதனால் விளக்கமாக. இங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். கடையில் விற்கும் சின்ன அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். அதில் ஊர் மிக்ஸியைச் செருகினால் சுற்றும், ஆனால் ஊறவைத்த உளுந்தைக் கூட அரைக்காது; மோட்டாரும் சூடாகும். 100 வோல்ட்டை 220 முதல் 240 வோல்ட்டாக ஏற்றும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் டிரான்ஸ்பார்மர் போதாது. கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகம். 1,500 வாட் என்று எழுதியதை வாங்குங்கள். சுவர் சாக்கெட்டின் எல்லையும் 15 ஆம்பியர், அதாவது 1,500 வாட்தான். ஆகவே மிக்ஸி ஓடும்போது அதே இணைப்பில் ரைஸ் குக்கரோ மைக்ரோவேவோ வேண்டாம். மீறினால் பிரேக்கர் விழும்.

கிரைண்டர் விஷயம் வேறு. ஹமாமட்சு 60 ஹெர்ட்ஸ் பகுதி; ஃபுஜி நதிக்குக் கிழக்கே, டோக்கியோவில், 50. ஊர் கிரைண்டரின் மோட்டார் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மாவு சீக்கிரம் சூடேறும். குளிர்ந்த தண்ணீர் விட்டு, நடுவில் நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். மிக்ஸியின் மோட்டார் வகை வேறு, அதற்கு இந்தச் சிக்கல் கிடையாது.

7. காப்பீடு, ஓய்வூதியம், வரி

கம்பெனியில் முழுநேர வேலை என்றால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் சம்பளத்திலேயே பிடிபடும். மற்றவர்கள் தேசியக் காப்பீட்டில் சேரவேண்டும். மருத்துவச் செலவில் உங்கள் பங்கு 30 சதவீதம். தாமதமாகச் சேர்ந்தாலும் பிரீமியம் முகவரி பதிந்த நாளிலிருந்து வசூலாகும். ஆனால் அந்த இடைவெளியில் ஆன சிகிச்சைச் செலவு முழுக்க உங்கள் தலையில் விழலாம். முதல் ஆண்டு பிரீமியம் குறைவாக வரும், முந்தைய ஆண்டு வருமானம் இங்கே இல்லை என்பதால். அதை நிரந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

தேசிய ஓய்வூதியம் 20 முதல் 59 வயது வரை. 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென். இந்தியக் கம்பெனி 5 ஆண்டுக்குள் திரும்பும்படி அனுப்பியவர்கள், 2016 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள இந்திய–ஜப்பான் ஒப்பந்தப்படி, வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் சான்று காட்டினால் இங்கே கட்டவேண்டாம். ஜப்பானியக் கம்பெனியே நேரடியாக வேலைக்கு எடுத்தவருக்கு இது பொருந்தாது.

இரண்டாம் ஆண்டு ஜூன் மாதம் சம்பளம் திடீரென்று குறைந்தால் பதறவேண்டாம். அது ஜூமின்ஸெய், நகர வரி. ஜனவரி 1 அன்று எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர், முந்தைய ஆண்டு வருமானத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் விதிக்கும். 2026 ஏப்ரலில் வந்தவருக்கு முதல் ஆண்டு ஒன்றுமில்லை. 2027 ஜூனில் தொடங்கும். முதல் ஆண்டுச் சம்பளத்தை நம்பி கார் கடன் எடுத்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

ஊரிலிருக்கும் பெற்றோரைச் சார்ந்தவர்களாகக் காட்டி வரியைக் குறைக்கலாம். உறவுச் சான்றும் பணம் அனுப்பிய சான்றும் தேவை, மொழிபெயர்ப்போடு. 2023 முதல், 30 முதல் 69 வயதுள்ளவர் என்றால் ஆண்டுக்கு 3,80,000 யென்னாவது அவர் பெயருக்கு அனுப்பியிருக்கவேண்டும். மாணவர், மாற்றுத்திறனாளி போன்றோருக்கு விலக்கு உண்டு. அப்பா கணக்குக்கு மொத்தமாக அனுப்பிவிட்டு அம்மாவையும் சேர்த்துக் காட்டமுடியாது. ஆளுக்கு ஆள் தனியாக, அவரவர் கணக்குக்கு அனுப்புங்கள். ரசீதுகளை ஜனவரியிலிருந்தே சேர்த்துவையுங்கள். கம்பெனி நவம்பரில் கேட்கும்போது தேடினால் கிடைக்காது.

8. குப்பை

அக்கம்பக்கத்தாரோடு மனக்கசப்பு வருவது இதனால்தான். எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக் உறை, பாட்டில், டின், பேட்டரி, ஸ்பிரே டப்பா ஒவ்வொன்றுக்கும் நாள் வேறு. முகவரி பதியும்போதே உங்கள் தெருவின் அட்டவணையைக் கேட்டு வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பை எது என்றும் அங்கேயே கேளுங்கள். முந்தின இரவே வைக்காதீர்கள், காகம் கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிடும். தவறாகப் பிரித்த பையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள். அதைத் திரும்ப எடுத்துவந்து பிரித்து வையுங்கள்.

வடை பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். உறையவைக்கும் பொடி சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். சூடான எண்ணெயில் போட்டால் ஆறியதும் கட்டியாகிவிடும், எரியும் குப்பையில் போடலாம். மெத்தை, மேசை போன்றவை 'ரென்ராகு கோமி': முன்பதிவு செய்து, கட்டணம் கட்டிப் போடவேண்டும். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கும் அதிலும் சேராது. மறுசுழற்சிக் கட்டணமும் ஏற்றிச்செல்லும் கூலியும் தனி. இலவசமாக எடுத்துக்கொள்கிறோம் என்று ஒலிபெருக்கியோடு வரும் வண்டியில் கொடுக்காதீர்கள், ஏற்றிய பிறகு பணம் கேட்பார்கள்.

9. லைசென்ஸ், கார், சைக்கிள்

நகர மையத்தில் பேருந்தும் சிவப்பு ரயிலும் போதும். எந்தெட்சு எனப்படும் அந்தச் சிவப்பு ரயில் ஷின்-ஹமாமட்சுவிலிருந்து நிஷி-கஜிமா வரை 12 நிமிடத்துக்கு ஒன்று. மையத்தை விட்டு வெளியே வீடு எடுத்தால் கார் இல்லாமல் முடியாது.

இந்திய, இலங்கை லைசென்ஸை ஜப்பானிய லைசென்ஸாக மாற்ற எழுத்துத் தேர்விலும் ஓட்டும் தேர்விலும் தேறவேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த சர்வதேச அனுமதி வந்த நாளிலிருந்து ஓராண்டு மட்டுமே செல்லும். முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். இடம், ஹமானா வார்டில் உள்ள மாநில மேற்குப் பகுதி லைசென்ஸ் மையம். லைசென்ஸ், ஜப்பான் வாகன ஓட்டிகள் சங்கமான ஜாஃப் அமைப்பின் மொழிபெயர்ப்பு, ஜூமின்ஹ்யோ, பாஸ்போர்ட்டுகள், 3 × 2.4 செ.மீ. போட்டோ தேவை.

லைசென்ஸ் வாங்கிய பிறகு அந்த நாட்டில் 3 மாதமாவது இருந்தீர்கள் என்று நிரூபிக்கவேண்டும். கிளம்பும் முன் லைசென்ஸைப் புதுப்பித்திருந்தால் அட்டையில் புதுத் தேதிதான் இருக்கும், விண்ணப்பம் திரும்பிவிடும். ஆர்டிஓ சான்றும் பழைய பாஸ்போர்ட்டும் இதற்குத்தான்.

2025 அக்டோபர் 1 முதல் எழுத்துத் தேர்வில் 50 கேள்விகள், 90 சதவீதம் எடுக்கவேண்டும். அதற்கு முன் 10 கேள்விதான், ஆகவே பழைய அனுபவக் குறிப்புகளை நம்பாதீர்கள். ஓட்டும் தேர்வில் நம்மவர்கள் தோற்பது ஓட்டத் தெரியாமல் அல்ல. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் என்ற நம்பிக்கையால். பார்ப்பதைக் கழுத்தைத் திருப்பிக் காட்டவேண்டும். ஏறும் முன் வண்டியின் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பகுதி பாருங்கள். இடதுபுறம் திரும்ப 30 மீட்டர் முன்னால் சிக்னல், கண்ணாடி, தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு ஓரத்தை ஒட்டி வந்து திரும்பவேண்டும். 'நில்' பலகையில் கோட்டுக்கு முன் சக்கரம் முழுதாக நிற்கவேண்டும், உருண்டால் தோல்வி. ஓரிரு முறை தோற்பது சகஜம். ஒரு மணி நேரம் அந்த மாதிரித் தடத்தில் பயிற்சி எடுப்பது, திரும்பத் திரும்ப விடுப்பு போடுவதைவிட மலிவு.

முதல் காருக்குச் சின்ன இஞ்சின் வைத்த கெய் கார் போதும். ஆண்டு வரி 10,800 யென். 1,000 முதல் 1,500 சிசி காருக்கு 30,500. ஷாகென் எனப்படும் கட்டாயச் சோதனை இரண்டாண்டுக்கு ஒருமுறை. பழைய கார் வாங்கும்போது ஷாகென் எத்தனை மாதம் பாக்கி என்று பாருங்கள். பெரிய காருக்கு, கையெழுத்துக்குப் பதில் பயன்படுத்தும் முத்திரையைப் பதிவுசெய்த சான்றும், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்துமிடச் சான்றும் வேண்டும். கட்டாயக் காப்பீட்டோடு தன்விருப்பக் காப்பீடும் எடுக்காமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். கட்டாயக் காப்பீடு அடுத்தவர் காருக்கு ஆன சேதத்தைத் தராது.

சைக்கிளுக்குத் திருட்டுத் தடுப்புப் பதிவும் காப்பீடும் அவசியம். 2026 ஏப்ரல் 1 முதல் 16 வயது நிரம்பியவர் போனைப் பார்த்தபடி ஓட்டினால் அபராதம் 12,000 யென். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்கிலிருந்து வீசும் காற்று பலமாக இருக்கும். அலுவலகம் வடக்கே இருந்தால் காலைப் பயணத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள்.

10. பிள்ளைகள், துணைவர்

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டாயமில்லை என்பதால் கேட்காமல் சேர்க்கை தாள் வராமல் போகலாம். நீங்களே கேளுங்கள். குழந்தைப் படி 3 வயது வரை மாதம் 15,000 யென், அதற்கு மேல் உயர்நிலைப் பள்ளி வயது வரை 10,000, மூன்றாவது குழந்தைக்கு 30,000. வந்த 15 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். தாமதித்த மாதத்துக்குப் பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். ஏப்ரலில் குழந்தைகள் காப்பகத்தில் இடம் வேண்டுமென்றால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம்.

பள்ளி மதிய உணவில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் வரும். சைவப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரலாமா என்று சேரும் முன்பே வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் சாறு ஊற்றிய சூப் வரும். இறைச்சி, மீன், மீன் சாறான தாஷி என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

குடும்ப விசாவில் வந்த துணைவர், குடிவரவு அலுவலகத்தில் இலவச அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஒரு வாரம் மீறினாலும் நீட்டிப்பில் சிக்கல் வரும்.

11. உடம்புக்கு முடியாதபோது

முதலில் பக்கத்துச் சின்ன கிளினிக். அறிமுகக் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்குப் போனால் 7,000 யென் அல்லது அதற்கு மேல் தனியாகக் கட்டவேண்டும். இரவில் ஆம்புலன்ஸ் தேவைப்படாத காய்ச்சலுக்கு மாநகராட்சியின் இரவு அவசரச் சிகிச்சைக் கூடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இரவில் ஆலோசனை கேட்க #8000. ஆம்புலன்ஸ், தீயணைப்பு 119, போலீஸ் 110.

12. விசா நீட்டிப்பு

நகோயா வரை போகவேண்டாம், ஹமாமட்சுவிலேயே குடிவரவு அலுவலகக் கிளை இருக்கிறது. காலாவதிக்கு 3 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரல் முதல் கட்டணம் நேரில் 6,000, இணையத்தில் 5,500 யென். போகும் முன் அன்றைய கட்டணத்தைச் சரிபாருங்கள். நகர வரிச் சான்றும் வரி கட்டிய சான்றும் கேட்பார்கள், பாக்கி இருந்தால் இங்கேதான் வெளிப்படும். வேலை மாறினால் 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். மை நம்பர் அட்டை விசாவோடு சேர்ந்தே காலாவதியாகும். விசாவை நீட்டித்த கையோடு வார்டு ஆபீஸில் அதையும் நீட்டியுங்கள்.

13. ஊரை விட்டுக் கிளம்பும்போது

வீட்டுக்காரருக்கு ஒப்பந்தப்படி, பெரும்பாலும் ஒரு மாதம் முன்னே தெரிவியுங்கள். வார்டு ஆபீஸில் வெளியேறும் பதிவு, காப்பீடு ரத்து. திரும்பி வரப்போவதில்லை என்றால், டிசம்பர் 31க்குள் கிளம்புவதா ஜனவரியில் கிளம்புவதா என்று யோசித்து டிக்கெட் எடுங்கள். ஜனவரி 1 அன்று இங்கே இருந்தால் முந்தைய ஆண்டு வருமானத்துக்கு நகர வரி முழுதாக வரும். கட்டாமல் கிளம்பவேண்டியிருந்தால், உங்களுக்காகக் கட்ட ஒரு வரிப் பிரதிநிதியை அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் போங்கள்.

6 மாதமாவது ஓய்வூதியம் கட்டியவர்கள் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம், அதிகபட்சம் 5 ஆண்டுக்கான அளவு. வெளியேறி 2 ஆண்டுக்குள் கேட்கவேண்டும். கம்பெனி ஓய்வூதியத்தில் 20.42 சதவீத வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். அந்த வரியையும் வரிப் பிரதிநிதி வழியாகத் திரும்பக் கேட்கலாம். பணம் போகும் ஊர் வங்கிக் கணக்கில் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். ஊர்க் கணக்கில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் விரித்த பெயரும் இருந்தால், கிளம்பும் முன்பே வங்கியில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.